மூக்கு கனத்த படகு

பழைய பாய்ப்படகு வாங்குகிறவனுக்குக் கிறுக்குதான் பிடித்திருக்க வேண்டும் என்று துறைமுகத்தில் என்னோடு கிரேன் ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் தம்பி மீன் பிடிக்கப் போய், எண்ணூருக்குக் கிழக்கே விசைப்படகு கவிழ்ந்து செத்துப்போனான். அவன் போன நாளன்று அந்த இடத்தில் தன் கையால் பூப்போட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் விசைப்படகு சத்தம் கேட்டாலே அவளுக்குக் குலை நடுங்கும். அதனால்தான் பாய்.

வந்த படகோ என்னைப் படாதபாடு படுத்தியது. காற்று கொஞ்சம் வலுத்தால் போதும், காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிவிடும். நேராகப் போகவைக்கச் சுக்கான் கட்டையை என் பக்கமாக இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அலைதடுப்புச் சுவரைத் தாண்டினால் கப்பல் போகிற வழி. அங்கே என் கை தளர்ந்து, அவளையும் வைத்துக்கொண்டு படகு சடாரென்று திரும்பினால்? பூப்போடும் நாளுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

தொப்பை போட்டிருந்த பாயை இறுக்கிக் கட்டினேன். பாய்மரம் பின்னால் சாய்ந்திருந்தது. அதைப் பிடித்திருக்கும் முன்கம்பியை முறுக்கி, மரத்தை நாலு விரல் முன்னுக்குக் கொண்டுவந்தேன். பாயின் அடியைச் சுருட்டியும் பார்த்தேன். இழுப்பு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் காசிமேட்டில் லாஞ்ச் ஓட்டும் என் தோஸ்துதான் கரையில் டீ குடித்தபடியே கண்டுபிடித்தான்.

"மூஞ்சி தண்ணில முழுகிக்கினு கீது மாமு. முன்னால இன்னாத்த அடைச்சு வச்சிக்கீற?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எந்தப் படகு வாங்கினாலும் முதலில் முன்முனையில் மாதா சொரூபம் வைப்பார்கள். என் மனைவி ஆசையாக வாங்கிவந்ததை, ஆடக்கூடாது என்று ரெண்டு சட்டி சிமெண்ட் கலவை போட்டுப் பதித்தவன் நானேதான். முன்பக்கம் அமுங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, லேசான பின்பக்கத்தைக் காற்று தள்ளுகிறது. படகு திரும்பாமல் என்ன செய்யும்?

அவளிடம் எப்படிச் சொல்வது? மாதாவை எடுப்பதா என்று வீட்டை ரெண்டாக்கிவிடுவாள் என்று பயந்தேன். முன்னால் கனம் இருந்தால் படகு சொன்ன பேச்சு கேட்காது என்று மென்று முழுங்கிச் சொன்னேன். மறுநாள் காலையில் அவளும் கூடவே வந்து, நான் உளியால் சிமெண்டை உடைக்க உடைக்க நின்று பார்த்தாள். சொரூபத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த நாளும் வந்தது. சுக்கான் ரெண்டு விரலுக்கு அடங்கியது. அப்படியும் அடுத்த காற்றுக்கு இழுக்குமோ என்று எண்ணூர் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே போனேன். இழுக்கவில்லை. அவள் சொரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடம் வந்ததும் பூவைப் போட்டாள். அது விலகிப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"தம்பி போட்டுலயும் மாதா சொரூபம் முன்னாலதான் இருந்துச்சு. சிமெண்டு போட்டு வைடான்னு நான்தான் சொன்னேன்."

அது மிஷின் வைத்த போட்டு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.