வேறொருவர் அட்டையில் படித்தவர்

மாநகர சபை உறுப்பினர் ஐயா, கொழும்பு கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் புத்தகம் படிக்க ஆளில்லை என்று நீங்கள் சபையில் சொன்னது பொய். நூலகப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் இல்லை என்று காட்டித் தமிழ்ப் புத்தகங்களுக்கான பணத்தை நிறுத்திவிட்டீர்கள்.

என் அம்மா கிராண்ட்பாஸில் தேயிலை பொதி செய்தவர். ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். நூலகத்தில் சேர, சொந்த வீடுள்ள ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் போட மறுத்துவிட்டார். அங்கிருந்த சிங்களப் பெண் நூலகர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர், தன் அட்டையிலேயே அம்மாவுக்கு நாவல்களை எடுத்துக் கொடுத்தார்.

அம்மா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அக்கா, கதை சொல்லுங்க. பெரிய மாத்தயா கேட்டா நான்தானே படிச்சது!" என்பார் அந்த நூலகர், அரைகுறைத் தமிழில். பெரிய மாத்தயா என்றது தலைமை நூலகரை.

அம்மா சொல்லத் தொடங்குவார். நூலகருக்குப் பொறுக்காது. "அந்தப் பொடியன் அவளைக் கட்டினதா?"

"ஓம் நோனா, கட்டினவன். மாமியைச் சமாளிக்கத்தான் தெரியேல்ல."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அம்மா படித்ததெல்லாம் அந்தச் சிங்களப் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. இன்றும் எங்கள் ஒழுங்கையில் வாடகை அறைகளில் இருப்பவர்களுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை. சொந்த வீடில்லாதவர் படிக்கக் கூடாதா? அடுத்த சபைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.