ஸ்டீயரிங்கில் நாலு கிளிப்

“என் கக்கூஸ் தொட்டி எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு ஒரு போன் வந்து எனக்குச் சொல்லணுமா? டார்ச் அடிச்சு உள்ள பாத்தா தெரிஞ்சிடும். எனக்குக் கண்ணு இருக்கு. மூக்கும் இருக்கு” என்றாள் லியோட்டா.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஆளாளுக்கு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காரும் நேரம் அது. பக்கத்து வண்டிக்காரன் மெரில் தன் மனைவி நேடீனிடம் போனில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். லியோட்டாவுக்கு அது போதும்.

“உன்கிட்ட இப்ப யாரு கேட்டா?” என்றான் மெரில்.

“கேக்க மாட்டீங்கன்னுதான் நானே சொல்றேன்.”

லியோட்டாவுக்கு அறுபத்தேழு வயது. சூஃபால்ஸில் பன்றிக்கறி வெட்டும் ஆலையில் முப்பத்தோரு வருடம் கத்தி பிடித்த கை. புருஷன் போன மறு வருடமே வீட்டை விற்றுவிட்டு, இருபத்துநாலு அடி நீளத்தில் ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கினாள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. கோடைக்கு மலைக்காடு, குளிருக்குக் குவார்ட்ஸைட் பாலைவனம். ஏழு வருடமாக அவள் குடித்தனம் நாலு சக்கரத்தில்தான் ஓடுகிறது.

மெரில் வந்து ரெண்டு வருடம்தான் ஆகிறது. இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜராக இருந்தவன். அவன் வண்டி நாற்பது அடி. அதில் இல்லாத சாமான் கிடையாது. தண்ணீரின் அழுத்தத்தைப் பார்க்க ஒன்று, கரண்ட்டைப் பார்க்க ஒன்று, பாலம் எவ்வளவு உயரம் என்று சொல்ல ஒன்று, எங்கே இலவசமாகத் தங்கலாம் என்று சொல்ல மூன்று. இலவச இடத்தைத் தேட மாசாமாசம் பணம் கட்டுகிறவனை லியோட்டா அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க அவன் போனைத் தரையில் வைத்து அரைமணி நேரம் குனிந்து நிமிர்வான். லியோட்டா வாணலியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவாள். வெள்ளை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை. பிறகு அந்த முட்டையைத் தின்றுவிடுவாள். “நீயும் உன் போனத் தின்னு பாரேன்” என்பாள்.

போன வாரம் மெரிலின் போன் கூவியது. இடது பக்க டயர்களில் காற்று ஏறிக்கிடக்கிறது, ஆபத்து என்றது. பதறிப்போய் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே டயர் கடைக்காரர் வெயிலைக் கை காட்டினாராம். “வெயில் படுற பக்கம் சூடாகும், சூடானா காற்று விரியும், வேற ஒண்ணுமில்ல” என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி லியோட்டா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

இத்தனை ஏளனம் பேசுகிற இவள் வண்டி மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அதுவும் இல்லை. போன அக்டோபரில் மகன் கர்ட்டிஸ் வீட்டுக்குப் போனாள். மருமகள் ஷானா அப்போது ஆறு மாசம். விருந்துக்கு வந்தவர்களெல்லாம் வாசலில் நிற்க, இவள் கூரை ஆன்டெனாவை இறக்காமலே உள்ளே ஓட்டிவிட்டாள். கார் ஷெட்டின் தகரக் குழாய் பெயர்ந்து, ஷானாவின் அப்பா வாங்கிய புதுக் காரின் மேல் விழுந்தது.

அன்றைக்குப் பிறகுதான் அவளும் இந்தப் பாலைவனத்தின் பழைய கிழங்களின் வழக்கத்துக்கு வந்தாள். வண்டியை நிறுத்தி எதை வெளியே வைத்தாலும், எதைத் தூக்கி வைத்தாலும், அதற்கு ஒரு துணிக் கிளிப்பை ஸ்டீயரிங்கில் மாட்டிவிட வேண்டும். ஆன்டெனாவுக்கு ஒன்று, கூரை மூடிக்கு ஒன்று, சக்கரத்து முட்டுக்கட்டைக்கு ஒன்று, சோலார் பலகைக்கு ஒன்று. கிளம்பும்போது ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் அதன் கிளிப்பைக் கழற்றுவது. ஸ்டீயரிங் மொட்டையாக இருந்தால் கிளம்பலாம். ஒரு பைசா செலவில்லை.

வட்டத்தில் பேச்சு ஓடும்போதே கர்ட்டிஸ் கூப்பிட்டான். காது மந்தம் என்பதால் லியோட்டா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். பாலைவனத்தில் பாதிப் பேருக்கு அவள் குடும்பக் கதை தெரியும்.

“அம்மா, நான் சொன்ன ஆப்பப் போன்ல போட்டியா? கிளம்புறதுக்கு முன்னாடி நாப்பத்திரெண்டு வேலை அதுல இருக்கு. ஒவ்வொண்ணா டிக் அடிச்சு எனக்கு அனுப்பணும்.”

“நாப்பத்திரெண்டா? நான் என்ன நிலாவுக்கா போறேன்? பிரெஸ்காட்டுல உன் வீட்டுக்குடா.”

பின்னாலிருந்து ஷானாவின் குரல் வந்தது. “லியோட்டா, நான் நேராவே சொல்லிடுறேன். வண்டி ஒரு கீறல் இல்லாம வந்தா, ஒரு மத்தியானம் மேபல உங்க வண்டியில தூங்க வைக்கலாம். ஏதாவது உடைஞ்சு தொங்கிட்டு வந்தீங்கன்னா, பிள்ளைய எங்க வீட்டு சோபாவுல வச்சே பாத்துட்டுப் போங்க.”

மேபல் பிறந்து மூன்று வாரம். லியோட்டா இன்னும் கையில் தூக்கவில்லை. போனில் பார்த்ததோடு சரி. வண்டியில் தன் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பெரிய இழுப்பறையை உருவி, ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே மெத்தை தைத்து வைத்திருந்தாள். அந்தப் பெட்டியில் ஒரு மத்தியானம் அந்தப் பிள்ளை கிடக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“கீறல் இல்லாம வரேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

“அந்த ஆப்ப நான் போட்டுத் தரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை” என்றான் மெரில்.

“நீ போய் உன் டயருக்குக் குடை பிடி.”

பொழுது சாயுமுன் பிள்ளைக்கு வாங்கியதையும் பின்னியதையும் துவைத்துப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஏழு சட்டை, மூன்று குல்லா, கட்டைவிரல் உறை மாதிரி நாலு ஜோடி சாக்ஸ். சாக்ஸைப் பிழியும்போது அவளுக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. இந்தக் காலுக்கெல்லாம் யார் சாக்ஸ் கேட்டது? கொடியில் போட்டால், பையிலிருந்த கிளிப் பத்தும் சட்டைக்கும் குல்லாவுக்குமே போய்விட்டன. சாக்ஸுக்கு இல்லை. பாலைவனக் காற்று சும்மா விடாது, காலையில் மெக்சிகோவில்தான் பொறுக்க வேண்டியிருக்கும். சுற்றும் முற்றும் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நாலு கிளிப் இருந்தது. எடுத்து மாட்டினாள். நன்றாகப் பிடித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் துணி காய்ந்து மொறுமொறுவென்றிருந்தது. சட்டைகளை மடித்து இழுப்பறையில் அடுக்கினாள். கிளிப்புகளை ஏப்ரன் பையில் போட்டாள். காபியைக் குடித்து முடித்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். மொட்டையாக இருந்தது.

சாவியைத் திருப்பினாள்.

வண்டி நகரவில்லை. மணல் பிடித்திருக்கும் என்று நினைத்து ஆக்சிலேட்டரை இன்னும் ஒரு மிதி மிதித்தாள். கீழே ஏதோ படக்கென்றது. வண்டி ஒரு முழம் பாய்ந்தது. அதே நேரம் எதிரே ஓர் ஆள் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து விழாத குறையாக நின்றான். மெரில்தான். நீள உள்ளாடை, ஒரு காலில் செருப்பு, மார்பெல்லாம் காபி.

“நிறுத்து! நிறுத்து லியோட்டா! எல்லாம் வெளியதான் இருக்கு!”

பிரேக் போட்டு இறங்கினாள். காலை வெயிலுக்காக பம்பருக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்த சோலார் பலகை மல்லாந்து கிடந்தது. அதற்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண். கூரையில் ஆன்டெனா கொக்கு மாதிரி நின்றது. கூரை மூடி வாயைப் பிளந்திருந்தது. ஏப்ரன் பைக்குள் கை விட்டாள். கிளிப்புகள் கையில் தட்டுப்பட்டன.

மெரில் பலகையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். “உடையல.”

முட்டுக்கட்டைதான் ரெண்டாகப் பிளந்திருந்தது. லியோட்டா அதைக் குனிந்து எடுத்து நேடீனின் விறகுக் குவியலில் போட்டாள்.

“அது உடைஞ்ச கணக்குல வராதா?” என்றாள் நேடீன்.

“விறகுன்னா பிளந்துதான் இருக்கும்.”

ஆன்டெனாவை இறக்கினாள், மூடியை மூடினாள், பலகையை உள்ளே வைத்துக் கட்டினாள். மேபலின் குல்லாவுக்கு மிச்சமிருந்த சிவப்பு நூலை எடுத்து, நாலு கிளிப்பையும் ஒவ்வொன்றாக, கழற்றினாலும் நூலில் தொங்கும்படி, ஸ்டீயரிங்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். இனி அது எந்தச் சாக்ஸுக்கும் போகாது.

மெரில் ஜன்னலோரம் வந்து நின்றான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இப்பவாவது ஒத்துக்க. நாப்பத்திரெண்டு டிக். போட்டுத் தரேன், கொடு போன.”

“உன் போன் இப்ப எங்க இருக்கு?”

“உள்ள. சார்ஜ்ல.”

லியோட்டா வண்டியைக் கியரில் போட்டாள்.

“அப்ப என்னை நிறுத்தினது உன் ஆப் இல்ல, உன் தொண்டை. அது எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்லு, ஷானாவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போறேன். பேன்ட் போட்டதா இருந்தா நல்லது, வீட்ல பச்சப்புள்ள இருக்கு.”