சித்தியின் பிடி

பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியது. திரும்பியதும் ஏரி. முன்னால் போன சித்தி நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தானே விலைபேசி வாங்கிவந்த சாமானைக் காட்டுகிறவள் போல எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அணை கட்டித் தண்ணீர் தேங்க ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. சுற்றிலும் மலை, நடுவில் அலையும் சத்தமும் இல்லாத தண்ணீர். அதில் அங்கங்கே மூழ்கிப்போன மரங்களின் உச்சிக் கிளைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கிளைகளைப் பார்த்தாவது எங்களில் ஒருவருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மரமே முங்குகிற தண்ணீரில் மனுஷன் எம்மாத்திரம்? ஒருவருக்கும் வரவில்லை. அழகு பார்த்துக்கொண்டு நின்றோம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். சித்தப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், பார்க்கிறவர்கள் எல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதற்கெல்லாம் சிரித்தே பதில் சொன்னவள் அவள். கோயிலுக்கு மேல் கோயிலாக ஏறி இறங்கி, கடைசியில் பாபநாசம் மலையிலுள்ள ஐயனாரிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என் தங்கச்சி. முதல் முடி ஐயனாருக்கே என்று நேர்ந்திருந்தது. உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது, ரயிலில் இடம் கிடையாது என்று வருஷங்கள் தள்ளிப்போய், பிள்ளைக்கு ஐந்து வயதாகி, சடை இடுப்பைத் தொட்ட பிறகுதான் புறப்பட முடிந்தது. நேர்ச்சைக்குக் கால் பங்கு, ஊர் சுற்றிப் பார்க்க முக்கால் பங்கு என்று அப்பா கேலி செய்தார். பொய்யில்லை. கட்டுச்சோறும் சீடையும் பித்தளைக் குடமுமாக, கரியில் ஓடுகிற பஸ்ஸில் இருமிக்கொண்டே மலையடிவாரம் போய், அங்கிருந்து நடந்தோம். கோயிலில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் அப்பினார்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் புதிதாக ஒரு ஏரி இருக்கிறது, சின்னப் பிள்ளைகூட நடந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். சித்திக்கு அது போதும்.

எங்களைப் பற்றி ஒன்று சொன்னால்தான் மற்றது விளங்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் என்று பெயர். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. கடலில் இறங்குகிறவர்கள் வேறு, முத்துக் குளிக்கிறவர்கள் வேறு. நாங்கள் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்கள். எங்கள் ஊர்க் கடலும் லேசுப்பட்டதல்ல, சாது போல நடிக்கத் தெரிந்த கடல். ஆழம் போதாமல் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டுவிடும். தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி வரும். லீவு நாளில் நாங்கள் தோணி பிடித்து முயல்தீவுக்குப் போவோம். அங்கே தண்ணீரில் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் ஏறாது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் மணலில் சோற்றைப் பிரிப்பார்கள். அலை அடித்தால் ஆழம், அலை இல்லாவிட்டால் பிள்ளை விளையாடுகிற தண்ணீர். நாங்கள் படித்த பாடம் அவ்வளவுதான். அந்தப் பாடத்தை மலைமேல் கொண்டுபோனோம்.

சித்தி தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். அம்மா வேண்டாமென்று இழுத்தாள். சித்தி சிரித்தாள்.

“அலையே இல்லக்கா. நம்ம முயல்தீவு தண்ணி கணக்காத்தான் கெடக்கு. அவ நடக்கட்டும்.”

கையை விட்டாள். தங்கச்சி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கணுக்கால், முழங்கால், அப்புறம் அவள் இல்லை. கத்தவில்லை, கையை அடிக்கவில்லை. சந்தன மொட்டை ஒன்று இருந்த இடத்தில் தண்ணீர் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அது குளமல்ல, மலைச்சரிவு. தண்ணீருக்கு மேலே எவ்வளவு செங்குத்தோ, கீழேயும் அவ்வளவு. பாய்ந்துபோன சித்தியும் முங்கினாள். அப்பா விழுந்தடித்துப் போய் அவள் கொண்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். அவளைக் கொண்டை காப்பாற்றியது. பிள்ளைக்குப் பிடிக்க ஒரு முடிகூட இல்லை. இடுப்பளவு சடை காலையில்தான் ஐயனார் காலடியில் விழுந்திருந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் வேட்டியை அவிழ்த்து முடிச்சுப் போட்டார்கள். நானும் அம்மாவும் கத்துகிறோம். மலை எங்கள் குரலை எங்களுக்கே திருப்பித் தருகிறது. வேறு ஒரு ஆள் இல்லை. சித்தப்பாதான் இறங்குவதாக இருந்தது. சித்தி அவர் கையிலிருந்து வேட்டியைப் பிடுங்கித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே போவாள், இவர்கள் இழுப்பார்கள், மேலே வந்து மூச்சு வாங்குவாள், மறுபடி போவாள். ஒரு தடவை மேலே வந்தபோது அவள் விரலெல்லாம் சந்தனம்.

“தல வழுக்கிட்டு” என்றாள். “கைக்கு வந்திச்சு. தல வழுக்கிட்டு.”

அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஐயனாரே, நீ கொடுத்ததை நீயே எடுத்துக்கொள்கிறாயா என்று எனக்கு அந்த வயதிலேயே சாமி மேல் கோபம் வந்தது. இன்னும் முழுதாக ஆறவில்லை. மறுபடி சித்தி முங்கியபோது வெகுநேரம் வேட்டி அசையவில்லை. சித்தப்பா இழுக்கப் பயந்து நின்றார். இழுத்தால் பிள்ளை போய்விடுமோ, இழுக்காவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்களோ. அப்பா அவரை இடித்துத் தள்ளிவிட்டு இழுத்தார். சித்தி வந்தாள், அவள் கையில் ஒரு மணிக்கட்டு இருந்தது.

குடத்தைப் படுக்கப்போட்டு, பிள்ளையை அதன்மேல் குப்புறப் போட்டு உருட்டினார் அப்பா. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. நீலம் பாரித்த முகம். சித்தப்பா பாறையில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். சித்தி அழவில்லை, மணிக்கட்டைப் பிடித்தபடி குடம் உருளும் பக்கமெல்லாம் தானும் தவழ்ந்தாள். எல்லாம் முடிந்தது என்று அப்பா கையை எடுக்கப்போன நேரத்தில் தங்கச்சி ஓங்கரித்தாள். பிறகு அழுதாள். அவ்வளவு அழகான அழுகையை நான் கேட்டதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். மலையிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, ரயில் ஏறி, ஊர் வந்து சேரும்வரை சித்தி அந்த மணிக்கட்டை விடவில்லை. அவள் விரல்கள் பதிந்த இடம் கறுத்துப்போயிருந்தது. கறுப்பு சில நாளில் மறைந்துவிட்டது; பிடி மறையவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டு, மணி அடிக்கும்வரை வாசல் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பாள். தெருவே சிரித்தது. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள் என்றார்கள். பொத்தவில்லை, பிடித்திருந்தாள். முயல்தீவுப் பேச்சே அந்த வீட்டில் செத்துப்போயிற்று. ஊரையே சிரிக்கவைத்த சித்தி, மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கினால்கூடக் கதவைச் சாத்தினாள். அவளை அப்படிப் பார்ப்பதைவிட அவள் என்னை நாலு அடி அடித்திருந்தால் தேவலை.

தங்கச்சி வளர்ந்து, கொழும்பில் கடை வைத்திருந்த நல்ல குடும்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கப்பலில் ஓர் இரவுதான், காலையில் கரை. சித்தி பாக்கு வெற்றிலைத் தட்டைத் தொடவே இல்லை. தங்கச்சிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். கடைசியில் அடுத்த தெருவிலேயே கொடுத்தார்கள். அந்த மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் தினமும் விடிந்தால் மாமியார் வந்து மகள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதை எந்த மாப்பிள்ளை எவ்வளவு காலம் பொறுப்பார்? அந்தச் சண்டைகளை நான் எழுதப்போவதில்லை.

இப்போது என் பேரப்பிள்ளைகள் லீவு விட்டால் மலைக்குப் போகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்களாம். எல்லோரும் ரப்பர் சட்டை மாட்டிக்கொள்கிறார்களாம். பாட்டி நீயும் வாயேன் என்பார்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிடுவேன்.

சித்தி படுத்த படுக்கையாகி, கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனாள். சித்தப்பா பெயரே மறந்துவிட்டது. ஆனால் தங்கச்சி கட்டில் பக்கம் வந்தால் போதும், எலும்பாகிப்போன கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிக்கு மட்டும் எங்கிருந்துதான் பலம் வந்ததோ. சாப்பிடவிடாது, உறங்கவிடாது. ஒருநாள் நான் போனபோது, தலை நரைத்த தங்கச்சி ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி அழுதாள்.

“எனக்கு அந்தத் தண்ணியே ஞாபகம் இல்லக்கா. இந்தக் கைவலிதான் ஞாபகம் இருக்கு. நீங்க சொன்னா கேப்பாக. விடச் சொல்லுங்க.”

நான் குனிந்து காதோரம் சொன்னேன். “சித்தி, கரைக்கு வந்தாச்சு. பிள்ளை நல்லா இருக்கா. கைய விடுங்க.”

சித்தி கண்ணைத் திறந்தாள். பல நாளாக யாரையும் பார்க்காத கண் என்னைப் பார்த்தது.

“இல்லளா” என்றாள். “இன்னும் காலு எட்டல.”

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் விடச் சொல்லவில்லை.