மிளகு தேய்க்கும் விரல்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டியின் மேல் ஒரு மனுஷி இத்தனை வருடம் கோபமாக இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். நான் இருக்கிறேன். பெட்டியின் மேல் கொஞ்சம், அதை வாங்கிய முதலாளியின் மேல் அதைவிடக் கொஞ்சம் கூட, மிச்சமெல்லாம் என் மேல்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. நான் மாத்தளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தேன். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து கம்ப்யூட்டர் படிக்கப் போன முதல் பெண் என்று பூசை முடிந்த கையோடு பாதர் என்னைப் பற்றி அறிவித்திருந்தார். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. படிப்பின் கடைசி வருடத்தில் நான் எடுத்த பாடம், வடிவங்களை இனங்காணக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது. கையெழுத்து, முகம், குரல், விரல் ரேகை, இதில் எதைக் காட்டினாலும் இது இன்னாருடையது என்று அது சொல்ல வேண்டும்.

என்னைப் படிக்க வைத்தது என் அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு உக்குவளைப் பக்கம் ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் மிளகு தேய்க்கப் போனாள். வெள்ளை மிளகு எப்படி வருகிறது என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. மிளகைச் சாக்கில் கட்டி நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அது அழுகி நாறும்போது எடுத்து, சொரசொரப்பான சீமெந்துத் தொட்டியில் கொட்டி, மேல்தோல் கழன்று போகும்வரை பெண்கள் கையாலேயே தேய்ப்பார்கள். மிளகின் தோல் மட்டுமா கழன்று போகும்? அக்கா சோற்றைப் பிசையும்போது விரல் எரிகிறதென்று கரண்டி கேட்பாள். நான் கரண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவேன்.

அந்த ஸ்டோர் முதலாளி ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தார். அவரும் தமிழர்தான். விரலை வைத்தால் ஆள் வந்ததைப் பதிகிற மெசின் ஒன்று வேண்டும் என்றார். பெண்களுக்கு அவர் நாள் சம்பளம் கொடுத்தவரில்லை. காய்ந்த மிளகைச் சனிக்கிழமை நிறுத்துக் கூலி கொடுப்பவர். யார் எந்த நாள் வந்தாள் என்பது அவருக்குத் தேவையே இல்லை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்கள் முன்னால் ஒரு மெசின் மினுக்மினுக்கென்று எரிய வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் பெட்டியை வரவழைத்தார். அதை ஓட்டும் மென்பொருளை நான் எழுதினேன்.

வேலை சுலபம்தான். விரலில் கோடுகள் ஓடுகின்றன. சில கோடுகள் சட்டென்று நின்றுவிடும், சில இரண்டாகப் பிரியும். அந்த இடங்களைப் புள்ளிகளாக மட்டும் மெசின் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் விரல் வைத்தால் புதுப் புள்ளிகளைப் பழைய புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எத்தனை ஒத்துப்போனால் ஆள் இவள்தான் என்று ஏற்பது? அந்த எண்ணை வைக்கிறவள் நான். எண் குறைவாக இருந்தால் ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி நுழைந்துவிடுவாள். கூடுதலாக இருந்தால் அவளையே அவள் இல்லை என்று சொல்லிவிடும். முதல் பிழையில் நட்டப்படுவது மெசினின் சொந்தக்காரர். இரண்டாவதில் நட்டப்படுவது விரலின் சொந்தக்காரி. பாடத்தில் இரண்டையும் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடாகக் காட்டுவார்கள். நானும் அழகாக வரைந்து நல்ல மார்க் வாங்கியவள்.

"கூட்டியே வைங்க மிஸ். ஒருத்திக்கு இன்னொருத்தி வைக்க முடியாத மாதிரி இருக்கணும்" என்றார் முதலாளி.

பதினாறு என்று வைத்தேன்.

பெண்களின் விரலை முதன்முதலில் பதிவதற்கு அவர் நாள் பார்த்தார். சித்திரை வருடப் பிறப்புக்கு ஸ்டோரைப் பன்னிரண்டு நாள் மூடிவிட்டு, பஞ்சாங்கத்தில் வேலை தொடங்கச் சொன்ன சுபநேரத்தில் திறப்பது வழக்கம். மெசினும் அந்த நேரத்தில்தான் தொடங்க வேண்டும் என்றார். குத்துவிளக்கு ஏற்றி, வெற்றிலை வைத்து, பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் பரிமாறினார்கள். பெண்கள் புதுத் துணியில் வரிசையாக வந்து விரலை வைத்தார்கள். பன்னிரண்டு நாள் மிளகுத் தண்ணீர் படாத கைகள், பலகாரம் சுட்ட எண்ணெயில் ஊறிய கைகள். திரையில் ஒவ்வொரு ரேகையும் அச்சடித்தது மாதிரி விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுத்தமான மாதிரி எனக்குப் பல்கலைக்கழகத்தில்கூடக் கிடைத்ததில்லை.

கணினிக்குக் கற்றுக்கொடுக்கக் காட்டும் மாதிரி, அது தினமும் பார்க்கப்போவதைப் போல இருக்க வேண்டும். அந்தப் பாடத்தின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொன்ன விஷயம் இது. ஒரே வீட்டில் தினமும் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வருடத்தில் அந்த ஒரு நாளில் மட்டும் இருக்கும் கையைப் பதிந்துவிட்டு வந்தேன். என் மண்டையில் என்னதான் இருந்ததோ.

இரண்டாவது வாரமே மெசின் தகராறு செய்தது. ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை பச்சை விளக்கு எரியும். செவ்வாய் எரிந்தாலும் எரியும். புதனிலிருந்து மிளகு தேய்க்கிற பெண்களுக்கெல்லாம் சிவப்புதான். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி, "சரி சரி, உள்ள போங்க, தொட்டி காயுது" என்று அவர்களை அனுப்பிவிடுவார். கடைக்குப் போன் எடுத்துச் சொன்னார். கையைத் துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"ஒன் மெசினுக்கு என்னைய புடிக்கல போல" என்று அக்கா ஒருநாள் வீட்டில் சிரித்தாள்.

"நல்லா அழுத்தி வை அக்கா" என்றேன். அவ்வளவுதான் நான் அதற்குச் செய்த வைத்தியம்.

அந்த வருடம் ஒரு வியாழக்கிழமை ஒரு பஸ் ஸ்டாண்டில் கேட்பாரற்ற பார்சல் ஒன்று கிடந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மஞ்சள் சல்வார் போட்ட ஒரு தமிழ்ப் பெண் அதை வைத்துவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்களாம். சனிக்கிழமை காலை அக்கா வேலைக்குப் போன பஸ்ஸைச் செக் பாயிண்டில் நிறுத்தினார்கள். அவளிடம் இருந்த இரண்டு நல்ல உடுப்பில் ஒன்று மஞ்சள் சல்வார். அன்றைக்குப் பார்த்து அதைத்தான் போட்டிருந்தாள்.

பொலிஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வியாழக்கிழமை எங்கே இருந்தாய் என்று அவளைக் கேட்டார்களாம், வேலையில் இருந்தேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். நல்லது, ஸ்டோரில் கேட்டால் முடிந்துவிடும் என்று எனக்கு உயிர் வந்தது. பொறுப்பதிகாரி ஸ்டோரிலிருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் போட்டார். நான் எழுதிய மென்பொருளில் அச்சடித்த தாள். எழுத்தின் அளவுகூட நான் தேர்ந்தது. அக்காவின் பெயருக்கு நேரே வியாழக்கிழமை வெறுமையாக இருந்தது.

மெசின் பிழை என்றேன். மிளகு தேய்க்கிற எல்லாருக்கும் புதனுக்குப் பிறகு இப்படித்தான், பாருங்கள் என்று தாளில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் பார்த்தார். "அப்ப எல்லாரும் வாரக்கடைசியில வேலைக்கு வாறதில்ல" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

முதலாளியிடம் போய் நின்றேன். நீங்கள்தானே கையைக் காட்டி உள்ளே அனுப்பினீர்கள், வந்து சொல்லுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மெசின்ல இருக்கிறதுதான் மிஸ் எனக்குத் தெரியும். நானும் புள்ளகுட்டிக்காரன்." பயம் எனக்குப் புரியாததல்ல, அந்தக் காலத்தில் பயப்படாத தமிழர் யார்? ஆனால் பயத்தை மெசினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாரே, அதை நான் மன்னிக்கவில்லை.

சொல்ல வந்தது ஒரே ஒருத்திதான். அக்காவுக்குப் பக்கத்துத் தொட்டியில் தேய்க்கிற சிங்கள அக்கா, பல்லேபொல ஊர்க்காரி. வியாழன் முழுக்க இவள் என் பக்கத்தில்தான் இருந்தாள், பக்கத்துத் தொட்டியில் நின்றவளை எனக்குத் தெரியாதா என்கிற மாதிரிச் சத்தம் போட்டுச் சொன்னாள். பொறுப்பதிகாரி தாளைத் தட்டிக் காட்டினார். மனுஷி சொல்வது மறந்து போகும், மெசின் மறக்காது என்றார்.

அக்கா அக்காதான் என்று ஒப்புக்கொள்ள என் மெசினுக்குப் பதினாறு புள்ளி வேண்டியிருந்தது. அவள் வேறு யாரோ என்று முடிவுகட்ட இவர்களுக்கு மூன்று போதுமாக இருந்தது. தமிழ், இளம் பெண், மஞ்சள் சல்வார்.

நாலைந்து தரம் கெஞ்சிய பிறகு, மெசினைக் கொண்டுவந்து காட்டு என்றார் பொறுப்பதிகாரி. அக்கா பிடிபட்டு ஏழாம் நாள் கடையிலிருந்த ஒரே லேப்டாப்பையும், பழுது பார்ப்பதாகச் சொல்லி ஸ்டோரிலிருந்து கழற்றிய அந்தக் கறுப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். அக்காவைக் கூட்டி வந்தார்கள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இப்போது பாருங்கள் சேர், இவளை இதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அக்காவை விரல் வைக்கச் சொன்னேன்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அவள் பெயர் முழுசாக வந்தது.

ஸ்டேஷனே சிரித்தது. "மெசின் நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார் பொறுப்பதிகாரி. அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வெடிப்புகள் மூடியிருந்தன. விரல் நுனியில் புதுத் தோல் வந்து, கோடுகள் வரிசையாக, வருடப் பிறப்பன்று பார்த்தது மாதிரியே இருந்தன. ஏழு நாள் அவள் மிளகைத் தொடவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தில் மெசினைச் சுவரில் அடித்திருப்பேன். அடித்திருந்தால் அக்காவின் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

"ஒரு நாள் இவளை மிளகு தேய்க்க விடுங்க சேர். இங்கேயே, உங்க கண்ணுக்கு முன்னாலேயே. பிறகு விரலை வைக்கச் சொல்லுங்க" என்றேன். கத்தினேன் என்பதுதான் சரி. வேடிக்கை பார்க்கும் ஆசையோ, வேறெதுவோ, பொறுப்பதிகாரி சரி என்றார்.

மறுநாள் காலை பல்லேபொல அக்கா ஊறிய மிளகை இரண்டு வாளி நிறையத் தூக்கி வந்தாள். முதலாளிக்குத் தெரியாமல் எடுத்ததுதான். நாற்றம் தாங்காமல் பொலிஸ்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பின்பக்கம் துணி துவைக்கிற சீமெந்துக் கல்லில் மிளகைக் கொட்டி அக்கா தேய்க்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நின்றேன். இதற்கு முன் அவள் வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. புதுத் தோல் முதல் ஒரு மணித்தியாலத்திலேயே சிவந்துவிட்டது. மத்தியானம் நுனிகள் வெளுத்து ஊதின. பிறகு உரிந்தன. நிறுத்தலாமா என்று ஒரு கான்ஸ்டபிள் கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். என் அக்காவின் தோல் இன்னும் கொஞ்சம் கழன்று போகட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு நின்றவள் நான்.

நாலு மணிக்கு விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. பொறுப்பதிகாரி தானே அவள் விரலைப் பிடித்து அழுத்தினார். சிவப்பு. அவர் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு பல்லேபொல அக்காவின் விரலையும் வைக்கச் சொன்னார். அதுவும் சிவப்பு. யாரும் சிரிக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு அக்காவை விட்டுவிட்டார்கள். கையொப்பம் போடப் பேனை பிடிக்க அவளால் முடியவில்லை, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள்.

இரத்தோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் மணிக்கட்டால் அணைத்துக்கொண்டு நின்றாள். நான் அழுதுகொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு, சுபநேரம், எண்ணெய்க் கை, எல்லாம். என்னை அடி, ஏசு, எதையாவது செய் என்றேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் என் கோபம் இத்தனை வருடம் ஓடியிருக்காது.

"ஞாயித்துக்கெழமைய விட்டா இந்த வருசம் ஏங் கைக்கு லீவு கெடச்சது ரெண்டே வாட்டிடி" என்றாள். "வருசப் பொறப்புக்கு ஒண்ணு. பொலிசுல ஒண்ணு. அந்த ரெண்டு வாட்டிதான் ஒன் மெசினுக்கு என்னைய நல்லா தெரிஞ்சிருக்கு."

திங்கட்கிழமை அவள் மறுபடியும் மிளகு தேய்க்கப் போனாள்.