சந்தனம் பூசிய பேஜோ

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்த மரியாதை அவருடைய பேஜோ 404 காருக்குத்தான். அம்மாவைக் கேட்டால் வரிசையை மாற்றிச் சொல்வார். துறைமுகத்துக் கடற்காற்று தின்றது போக மிஞ்சிய வெளிர்நீலம். பின்பக்கம் இரண்டு சின்னச் சிறகுகள். முன் இருக்கை ஒரே நீள வாங்கு. அதன் நடுவில் நான் இருப்பேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முளைத்த கியர்க்கம்பு அப்பாவின் கையோடு மேலும் கீழும் மிதக்கும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு நிலாவெளிப் பக்கம் ஓடும்போது, கார் போகிறதா, கடல் போகிறதா, நான் நித்திரையா என்றே தெரியாது.

அந்த வருடம் சித்தப்பா பாரிஸிலிருந்து வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. அங்கே டாக்ஸி ஓட்டுபவர். கொழும்பில் வாடகைக்கு எடுத்து வந்ததும் ஒரு பேஜோதான், ஆனால் புத்தம் புதிது. கதவைச் சாத்தினால் ஊரின் சத்தம் முழுக்க வெளியே நின்றுவிடும். உள்ளே குளிர். கண்ணாடி இறக்கக் கைப்பிடி தேடினேன்; பொத்தான்தான் இருந்தது. சிங்கச் சின்னம் மட்டும் இரண்டிலும் இருந்தது.

“பாரிஸிலயும் நான் ஓடுறது இதே கார்தான், அண்ணை. அந்தக் கிழவியை வித்துப்போட்டு இப்பிடி ஒண்டு எடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார் சித்தப்பா.

அம்மா உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் கொழும்புக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. அப்பா “ஓம்” என்றார். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை. கராஜுக்குள் போய், பின் இருக்கையில் முகம் புதைத்து அழுதேன்.

சனிக்கிழமை காலை கோணேசர் கோயிலுக்குப் போய், அப்படியே இறக்கக்கண்டிக் கடலுக்குப் போவதாகத் திட்டம். இரண்டு கார்களும் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்களுக்கு வழிவிட்டு, மலையேறின. வாடகைக் காராக இருந்தாலும் பூசை செய்யாமல் ஓடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஐயர் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். சந்தனக் கிண்ணத்தை அம்மா வாங்கிக்கொண்டார்.

அம்மா சந்தனத்தில் கஞ்சத்தனம் பார்ப்பவரல்ல. புதுக் காரின் முன் பம்பரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் விட்ட இடம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்று விடாமல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். எனக்கும் அது மிகப் பொருத்தமாகவே பட்டது.

சித்தப்பா காரை எடுத்தார். தேசிக்காய்கள் நசிந்தன. உடனே கார் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை. உள்ளே சிவப்பு வெளிச்சம் வேறு. சித்தப்பா இறங்கி முன்னால் குந்தியிருந்து பார்த்தார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா தன் காரில் கை வைத்தபடி நின்றார், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவரைப் போல. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, முகத்தைத் துடைத்து, மடித்துத் திரும்ப வைத்தார்.

“ஏலாது, அண்ணை. இது இங்கயே நிக்கட்டும். உங்கட கார்ல போவம்.”

அன்றைய ஓட்டம் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வெயிலும் உப்புக் காற்றும் கார் முழுக்க. அப்பா சீட்டியடித்தார். சித்தப்பா பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு தலையை வெளியே நீட்டியிருந்தார்.

“பாத்தியேடா, என்ர கார் ஒரு நாளும் கத்தினதில்லை” என்றார் அப்பா.

“ஓம் அண்ணை. இதுக்குக் கிட்ட அது வராது.”

அன்றைக்கே கொழும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பின்னேரம் சித்தப்பா மட்டும் கோயிலடிக்குப் போய்ப் புதுக் காரை எடுத்து வந்தார். ஒரு சத்தமும் இல்லை. தோற்ற வெட்கத்தில் வாயடங்கிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். எங்கள் கிழவி வென்றுவிட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இந்தத் தைப்பொங்கலுக்கு என்னுடைய காருக்கு அம்மா பொட்டு வைத்தார். கை இப்போது நடுங்குகிறது. ஆனாலும் ஒரு வட்டமும் தப்பவில்லை. படலையைத் தாண்டுமுன்னே அதே கீச்சுச் சத்தம். இறங்கி லேஞ்சியால் பம்பரிலிருந்த சென்சர் வட்டங்களைத் துடைத்தேன். சத்தம் நின்றுவிட்டது.

சந்தனம் ஒட்டிய லேஞ்சியோடு அப்படியே நின்றேன். அன்றைக்குச் சித்தப்பாவின் கையிலும் ஒரு லேஞ்சி இருந்தது. அவர் முகத்தை மட்டும்தான் துடைத்தார்.