கடைசி பஸ்ஸும் சமண முனிவரும்

என் மாமனாருக்கு உலகத்தில் ஒரே ஒரு கொலையைப் பற்றித்தான் கவலை. பாண்டியர் காலத்தில், ஒரு மலைக்குகையில், சமண முனிவர் ஒருவரை யாரோ கொன்றுவிட்டார்கள். சினிமாவில்தான். கறுப்பு வெள்ளைப் படம். சினிமாவில் எனக்குத் தெரியாததே இல்லை என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிபவன் நான். அப்படியொரு படம் வந்ததே எனக்குத் தெரியாது.

மாமா இளவயதில் அதைப் பார்க்கக் கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போனார். கூடப் போனவர் பக்கத்துப் புடவைக்கடைக்காரர்; முஸ்லிம் அண்ணன் என்பதால் ஊருக்கே அவர் நானா. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தவர்கள் படம் முடியும்வரை தியேட்டரில் இருப்பதில்லை. கடைசி பஸ் வரும்வரை இருப்பார்கள். குடும்பப் படமென்றால் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். துப்பறியும் படத்தை என்ன செய்வது? கொலைகாரனைச் சபைக்கு இழுத்துவரச் சொல்லி அரசன் கை தட்டியபோது இருவரும் எழுந்து பஸ்ஸுக்கு ஓடினார்கள். பிறகு ஊரில் விசாரித்துப் பார்த்தார்கள். படம் பார்த்த எல்லோரும் அதே பஸ்ஸில் வந்தவர்கள்.

அன்றிலிருந்து தகராறு. கொன்றது மந்திரி என்பார் மாமா. கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் என்பார் நானா.

"தேவாரம் பாடுற வாய் அது, கொலை செய்யுமா?"

"வாய் பாடும் மச்சான். கை சும்மாதானே ஈக்கிது?"

போன மாதம் நானா கடையை மூடிவிட்டுத் திகனயிலுள்ள மகள் வீட்டோடு போவதென்று முடிவானது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தோத்துட்டேன்னு அவர் வாயால சொல்லாம எப்படி மாப்பிள்ளை அனுப்புறது?" என்றார்.

மருமகன் எதற்கு இருக்கிறான்? இணையத்தில் தேடித் தேடி, யாரோ ஏற்றிவைத்திருந்த முழுப் படத்தையும் பிடித்துவிட்டேன். நீதிக்குப் பங்கம் வரக்கூடாதென்று நானும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு டீவி முன்னால் இரண்டு கதிரைகள். தோற்றவர் கடைவாசலில் நின்று தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பேச்சு.

அரசன் கை தட்டினான். பழக்கதோஷம், இருவரும் பாதி எழுந்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

சபைக்கு இழுத்துவரப்பட்டவர் அரண்மனை வைத்தியர். அதற்கு முன் படத்தில் அவர் தலைகாட்டவே இல்லை. கடைசி பஸ் போன பிறகுதான் கதைக்குள்ளேயே வருகிறார். வந்த வேகத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு விருத்தமும் பாடினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மற்ற இருவருக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் வைத்தியரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"நம்ம பார்த்த படத்துல வைத்தியர் கிடையாதே" என்றார் மாமா.

"இல்லவே இல்ல. மகன் வேற எதையோ கொண்டந்து போட்டீக்கிறார்" என்று நானா என்னைக் காட்டினார்.

"அவருக்கு சினிமா தெரியாது நானா. சும்மா சொல்லிக்கிட்டுத் திரியிறது."

இத்தனை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

சாமான் ஏற்றிய வேன் திகனக்குக் கிளம்பியபோது நானா தலையை வெளியே நீட்டி, "ஓதுவார்தான் மச்சான்!" என்று கத்தினார். "மந்திரி!" என்று மாமா வேனுக்குப் பின்னால் நாலடி ஓடினார். இப்போது தினமும் சாயங்காலம் ஃபோனில் தொடர்கிறது.

நான் குறுக்கே போனால் மாமா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "வைத்தியர் வந்துட்டார், அப்புறம் பேசுவோம்" என்கிறார்.