ஃப்ளாப்பிக்கு வைத்த சந்தனம்

கோபம் ஆறிவிட்டதா என்று வீட்டில் இன்றைக்கும் கேட்பார்கள். ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்? ஒரு மனுஷர் ஃப்ளாப்பியின் மூடியைத் தள்ளித் திறந்து, உள்ளே இருக்கிற வட்டில் சந்தனத்தைத் தடவி, போதாததற்குக் குங்குமமும் வைப்பார். அதற்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்பிள்ளை "பரவாயில்லைங்க சித்தப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டுமாம். நன்றாக இருக்கிறது நியாயம்.

ஃப்ளாப்பி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளங்கை அளவில் கறுப்பாக ஒரு சதுரம், ஓரத்தில் நகரும் தகர மூடி. மூடியைத் தள்ளினால் உள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டு தெரியும். எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கும். அதை விரலால் தொடவே கூடாது, விரல் ரேகை பட்டாலே போச்சு.

அப்போது நாங்கள் கோயமுத்தூர் கணபதியில் ஒரே வீட்டில் கூட்டாக இருந்தோம். அப்பாவுக்குப் பஞ்சு வியாபாரம், பாதி நாள் அவிநாசிப் பக்கம் போய்விடுவார். சித்தப்பா பின்தெருவில் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கொஞ்சம் லேத்துகள், ஒரு டிரில்லிங் மெஷின், ஒட்டினாற்போல் இரும்பை உருக்கி வார்க்கச் சின்னதாக ஒரு பவுண்டரி. அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில், பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள் என்று அவரும் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்.

வாங்கியவர் சித்தப்பா என்றாலும் அதை ஆண்டவர் கம்பெனிக் கணக்குப்பிள்ளை மாமா. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. மேலே போர்த்திய துணியை அவர்தான் எடுப்பார், அவர்தான் போர்த்துவார். சாயங்காலம் பில் வேலை முடிந்ததும் நான் உட்காரலாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டதால் வேறு வழியில்லாமல் விட்டார். ஆனால் ஹார்ட் டிஸ்கில் நான் எழுதுகிற எதையும் சேமிக்கக் கூடாது, வைரஸ் வந்துவிடும். அவருக்கு வைரஸ் என்றால் அம்மை மாதிரி, சின்னப் பிள்ளைகளிடமிருந்துதான் ஒட்டும். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு ஃப்ளாப்பி வாங்கினேன். "பேக்கப் எடுக்கலையா மேடம்?" என்று என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். எதில் எடுப்பது, என் தலையிலா?

ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் பைத்தான் என்ற மொழி இருந்தது. கணக்குப்பிள்ளை மாமா மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து அதை ஏற்றிவிட்டேன். "பாம்பு பேர்ல என்ன படிப்பு கண்ணு, வேற நல்ல பேரே கெடைக்கலயா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் தட்டச்சு செய்த வரி அடுத்த நொடியே ஓடியது. தப்பு என்றால் எந்த வரியில் தப்பு என்று அதுவே சொன்னது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

அந்தச் சமயம்தான் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தது. ஒரு தாளில் பத்துக் கணக்கு கொடுத்திருந்தார்கள். எந்த மொழியிலும் எழுதலாம். விடைகளை ஃப்ளாப்பியில் போட்டு விஜயதசமி மதியத்துக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முதலாவதாக வருகிற பிள்ளைக்கு ஒரு வருஷப் படிப்பு இலவசம்.

அந்த சென்டரில் என்னைச் சேர்த்துவிடுங்கள் என்று நான் அதற்கு முன்பே அப்பாவிடம் கேட்டிருந்தேன். "பத்தாவது முடியட்டும் கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் பாத்துக்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். யார் முகத்திலும் அடிக்காமல் கதவைச் சாத்துவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஏழாவது படிக்கிற என் தம்பிக்கு மட்டும் பத்தாவது முடிய வேண்டியதில்லை. அவனைக் கோடை விடுமுறையிலேயே அதே சென்டரில் சேர்த்தாயிற்று. அவன் அங்கே போய் மவுஸைப் பிடித்து வீடும் தென்னைமரமும் வரைந்துகொண்டிருந்தான். கேட்டால், பையன் நாளைக்கு வேலைக்குப் போகிறவனாம். போட்டித் தாளை நீட்டியதும் அப்பா சிரித்தார். "செயிச்சு சும்மா கெடைச்சா போ சாமி, நான் என்ன வேண்டாங்கறனா?" என்றார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா வேண்டுமானால் காசு கட்டியிருப்பார். ஆனால் அண்ணன் எதிரில் நாற்காலியில்கூட உட்காராதவர், அவர் பேச்சைத் தாண்டி எங்கே கட்டுவது? ஜெயித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கணக்குகள் இன்றைக்குப் பார்த்தால் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறவைதான். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதேதானா என்று பார், பகா எண்களைக் கண்டுபிடி, பெயர்களை அகர வரிசையில் அடுக்கு, இப்படி. எனக்கு அவை மலையாக இருந்தன. ஒரு வரியை ஓர் இடைவெளி தள்ளி எழுதிவிட்டால் மொத்தமும் நின்றுவிடும். ஒருநாள் நிற்காமல் சுற்றுகிற நிரல் ஒன்றை ஓடவிட்டேன். எண்கள் திரையில் கொட்டோ கொட்டென்று கொட்ட, மெஷின் வெடித்துவிடும் என்று பயந்து கணக்குப்பிள்ளை மாமா மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

கடைசிக் கணக்குதான் உயிரை வாங்கியது. ரிப்பேருக்கு வருகிற பொருள்களுக்கு ஒரு கிளாஸ், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மாதிரி, எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் புகார்களைச் சேர்த்து வைக்க வேண்டும். நான் பம்புக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். ஒரு பம்பில் "தண்ணீர் ஏறவில்லை" என்று எழுதினால் எல்லாப் பம்பிலும் தண்ணீர் ஏறவில்லை என்று வந்தது. வரிவரியாகப் பார்த்தேன், தப்பே இல்லை. கேட்கவும் ஆளில்லை. அழுகை வந்தது. அப்படியொரு சாயங்காலம் பவுண்டரிப் பக்கம் போனபோது சித்தப்பா கழித்துப்போட்ட வார்ப்புகளைப் புரட்டித் திட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். கீறல் விழுந்தது வார்ப்பில் இல்லை, அச்செடுக்கிற மரப் பேட்டர்னில். நான் ஓடினேன். புகார்ப் பட்டியலை ஒவ்வொரு பம்பும் பிறக்கும்போது தனித்தனியாகக் கொடுக்காமல், கிளாஸ் என்கிற பேட்டர்னிலேயே வைத்திருந்தேன். ஒரு வரியை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. அன்றைக்கு நான் குதித்த குதியில் கணக்குப்பிள்ளை மாமா மறுபடியும் மெயின் சுவிட்ச் பக்கம் போனார்.

பத்தும் முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் வாண்டுகள் மூடியைத் தள்ளித் தள்ளி விளையாடும் என்று, ஃப்ளாப்பியில் என் பெயரெழுதி ஒட்டி, அறை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். பத்திரம்!

மறுநாள் ஆயுத பூஜை. கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்குத் தீபாவளிகூட அதற்கு அப்புறம்தான். மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, வேலைக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். பொட்டு வைப்பது மட்டும் சித்தப்பாவின் வேலை, வேறு யாரையும் விடமாட்டார். அதில் அவருக்கு ஒரு முறை உண்டு. பெயருக்கு உறைமேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகமாட்டார். லேத் என்றால் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கில், டிரில்லிங் மெஷின் என்றால் துளை போடுகிற முனையில். எது வேலை செய்கிறதோ அதற்குத்தான் பொட்டு. கம்ப்யூட்டருக்கு எந்த இடம் என்று தெரியாமல் கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு புள்ளி வைத்திருந்தார். அதைப் பார்த்து நானும் சிரித்தேன்.

சூடம் காட்டும்போதுதான் வாழையிலையைப் பார்த்தேன். ஸ்பானர், சுத்தியல், சித்தப்பாவின் மைக்ரோமீட்டர், பக்கத்தில் என் ஃப்ளாப்பி. மூடியின் இடுக்கில் சந்தனம் பிதுங்கியிருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?" என்று கத்தினேன். எங்கள் வீட்டில் நாய்க்குட்டியிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுவோம். சூடத்தட்டும் கையுமாக நிற்கிற சித்தப்பாவை, அத்தனை பேர் முன்னால், நான் 'வெச்சிருக்கே' என்றேன். அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள்.

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லதுக்குத்தானே கண்ணு வெச்சேன்? மூடி மேல வெச்சா என்னத்துக்கு ஆவுது? உள்ளார இருக்கறதுதானே வேலை செய்யுது, அதான் தொறந்து வெச்சேன்" என்றார். இதைவிடக் கேடு கெட்ட விளக்கம் உலகத்தில் உண்டா? தெரியாமல் மூடிமேல் வைத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். விவரமாக, யோசித்து, சரியான இடம் பார்த்து வைத்திருக்கிறார்!

அதோடு முடிந்ததா? பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரும் கழுத்தில் செவ்வந்தி மாலையோடு சாமியாக உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலமே உட்காரவிட்டிருந்தால் பத்தையும் மறுபடி எழுதியிருப்பேன், எல்லாம் எனக்கு மனப்பாடம். தொடவிடவில்லை. "சாமிக்கு வெச்சதத் தொடக்கூடாது அம்மணி, ஒரு பொட்டுக்குப் போயி இந்த ஆர்ப்பாட்டமா" என்று ஆளாளுக்குப் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து நீட்டினார்கள். தூக்கி எறியலாம் போல இருந்தது.

காலையில் மறுபூஜை முடிந்ததும் சித்தப்பா ஃப்ளாப்பியை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். சந்தனம் காய்ந்து வட்டோடு பிடித்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தேன், குங்குமம் வட்டு முழுக்கப் பரவியது. துணிந்து கம்ப்யூட்டருக்குள் தள்ளினேன். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. ஃப்ளாப்பியோடு அதைப் படிக்கிற டிரைவும் போனது. மறுபடி எழுதினாலும் இனி எடுத்துப்போக வழியில்லை. கணக்குப்பிள்ளை மாமா தலையில் அடித்துக்கொண்டார், டிரைவுக்காக.

"வா கண்ணு, நானே வந்து சொல்றேன்" என்று சித்தப்பா ஸ்கூட்டரை எடுத்தார். சென்டரில் விஜயதசமி சேர்க்கைக்குக் கூட்டமோ கூட்டம். போட்டியைப் பார்த்துக்கொண்ட சார் ஃப்ளாப்பியைத் திருப்பிப் பார்த்து, மூடியைத் தள்ளிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சித்தப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, பாப்பா பத்தும் போட்டுதுங்க. நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன். ஒரு மெசின் குடுத்தீங்கன்னா இங்கயே உக்காந்து எழுதிக் குடுத்துருமுங்க" என்றார். எல்லா மெஷினும் பூஜையில் இருக்கிறது என்றார் சார். அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க என்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், புத்தகம் நோட்டென்றால் சரி, ஃப்ளாப்பியைப் போய் யாராவது பூஜையில் வைப்பார்களா என்று கேட்டார்.

"பசங்க பொஸ்தகத்தையெல்லாம் ஊட்டுல சரஸ்வதி படத்துக்கு முன்னால வெச்சாச்சுங்க. இது படிப்பில்லீங்களே, பாப்பா தெனமும் கம்பெனிக்கு வந்து பாக்கற வேலைங்களே. அதானுங்க எங்க ஆயுதத்தோட வெச்சேன்" என்றார் சித்தப்பா.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "போதும், பேசாம வா" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு வெளியே நடந்தேன். ஸ்கூட்டரில் ஏறவில்லை. காந்திபுரத்துக் கூட்டத்தில், மஞ்சள் பூசிய வண்டிகளுக்கும் உடைத்துப் போட்ட பூசணிக்காய்களுக்கும் நடுவே விடுவிடுவென்று போனேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார்.

அந்த இலவசப் படிப்பு யாருக்குப் போயிற்றோ, எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கான கோபம் அப்படியே இருக்கிறது, யாருக்காகவும் குறைத்துக்கொள்வதாக இல்லை. ஆனால் நான் செய்ததை வேலை என்று எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சொன்னவர் அந்த மனுஷர்தான், அதுவும் ஊரே சிரிக்கும்போது. அன்றைக்கு எனக்கு அது தப்பை மறைக்கச் சொன்ன சாக்காகத்தான் கேட்டது. வீடு வந்து சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.